அறுக்கும் மெஷினுக்கு ஆடாத கால்

கல்பாக்கம் டவுன்ஷிப்பை ஒட்டிய புதுப்பட்டினத்தில் வெல்டிங் பட்டறை எங்கே இருக்கிறது என்று யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. பதினான்கு அங்குலக் கல் பூட்டிய கட்டிங் மெஷின் இரும்பைத் தொட்டதும் எழும் அலறலே வழிகாட்டிவிடும். கேட்டோ கிரிலோ மாடிப்படிக் கைப்பிடியோ, எந்த வேலையும் அந்த அலறலில்தான் தொடங்குகிறது. கூடவே தீப்பொறி, கல்தூசி, வெட்டின முனையில் நீலம் பாய்ந்த சூடு. இதில் சலித்துப்போனவர்களும், பக்கத்து வீட்டாரிடம் திட்டு வாங்கி ஓய்ந்தவர்களும் இப்போது மலிவு விலை பேண்ட்சா பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். வாங்கிய பிறகு வேறு ஒரு தொல்லை ஆரம்பிக்கிறது. மெஷின் ஒழுங்காக அறுக்கிறது, ஆனால் அது நிற்கிற ஸ்டாண்டு ஆடுகிறது.

இந்த மெஷினை உலகம் முழுக்க ‘நாலுக்கு ஆறு’ என்றே சொல்கிறார்கள். நான்கு அங்குல விட்டமுள்ள உருளையையோ ஆறு அங்குல அகலமுள்ள பட்டையையோ அறுக்கும். தைவானிலும் பிறகு சீனாவிலும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்து, விதவிதமான பெயரிலும் பெயின்டிலும் விற்கிறார்கள். எடை சுமார் 60 கிலோ. பிளேடு என்பது 1,638 மி.மீ. நீளமுள்ள ஒரு வளையம். அகலம் அரை அங்குலம், கனம் 0.64 மி.மீ. பெல்ட்டை மாற்றிப் போட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 24, 36, 60 மீட்டர் என்று மூன்று வேகம் கிடைக்கும். வேலை நிதானம்தான், ஆனால் பொறி இல்லை, அலறல் இல்லை. பிளேடு பூட்டிய கை தன் எடையாலேயே மெல்ல இறங்கி அறுத்து முடிக்கும், முடிந்ததும் சுவிட்சைத் தட்டித் தானே நின்றுவிடும்.

முனையில்லாத ரம்பம் என்ற யோசனை பழையது. லண்டனில் வில்லியம் நியூபெர்ரி 1809இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் வளையமாக ஒட்டிய பிளேடு ஒட்டுப்போட்ட இடத்திலேயே அறுந்துகொண்டிருந்தது. 1846இல் பிரான்சில் ஆன் பாலின் க்ரெப்பின் என்ற பெண் அந்த ஒட்டை நிலைக்கவைக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் பேண்ட்சா பட்டறைக்குள் வந்தது. இன்றைக்கும் அந்த ஒட்டைக் காதால் கேட்கலாம். 36 மீட்டர் வேகத்தில் ஓடும்போது கிட்டத்தட்ட 2.7 விநாடிக்கு ஒரு தரம் ‘டிக்’ என்று ஒலிக்கும். ஒட்டு, வெட்டுவாயைக் கடக்கும் சத்தம் அது.

இனி ஸ்டாண்டுக்கு வருவோம். மெஷினோடு பெட்டியில் வருவது, மெல்லிய தகட்டை ‘எல்’ வடிவில் மடித்த நான்கு கால்கள், அவற்றை இணைக்கச் சில தகட்டுப் பட்டைகள், ஒரு கைப்பிடி நட்டுகள், ஒரு முனையில் இரண்டு குட்டிச் சக்கரங்கள். மெஷின் அசையாமல் உட்கார்ந்திருக்கும்வரை இது போதும். இருபதடி பைப்பை வைஸில் ஏற்றி இறுக்கும்போதும், கையை நிமிர்த்திச் செங்குத்தாக நிறுத்தும்போதும் மொத்தமும் நெளியும்.

இதைப் பட்டறையில் சொன்னால் உடனே வரும் பதில் இதுதான்: “அஞ்சு எம்எம் ஆங்கிள்ல போட்டுடலாம் சார். யானை ஏறினாலும் அசையாது.” யானை ஏறினால் அசையாது என்பது சரி. ஆனால் யானை மேலிருந்துதானே அழுத்தும்? இந்த மெஷினுக்கு வரும் தொல்லையெல்லாம் பக்கவாட்டுத் தள்ளலும் முறுக்கலும்தான். உடையாமல் தாங்குவது ஒரு குணம், வளையாமல் நிற்பது வேறு குணம். முதலாவதுக்கு எத்தனை இரும்பு என்பது கணக்கு. இரண்டாவதுக்கு அந்த இரும்பு எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

நோட்டுப் புத்தக அட்டை ஒன்றைக் குழாயாகச் சுருட்டி, ஓரங்களை ஒட்டாமல் இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எதிர்ப்பே இருக்காது. ஓரம் நெடுக டேப் ஒட்டிவிட்டு மறுபடி முறுக்குங்கள். அதே அட்டை, அதே எடை, ஆனால் இப்போது கையில் விறைக்கும். முறுக்கும்போது பொருளுக்குள் எழும் விசை, மூடிய குழாயில் சுவரைச் சுற்றி வளைய வந்துகொண்டே இருக்க முடியும். பிளவு இருந்தால் அங்கே வந்து திரும்பிவிட வேண்டும். 40 மி.மீ. சதுரக் குழாய், சுவர் 2 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டால், நீளவாக்கில் ஒரே ஒரு கோடு பிளந்துவிட்ட குழாயைவிடப் பிளக்காத குழாய் முறுக்கத்தை ஏறக்குறைய 270 மடங்கு எதிர்க்கிறது. ஆங்கிள் என்பது எப்போதுமே பிளந்த வடிவம்தான். தடி ஆங்கிள் என்று சொல்லப்பட்ட 50×50×5 மீட்டருக்கு 3.8 கிலோ எடை. நம் குழாயோ மீட்டருக்கு 2.4 கிலோதான். இருந்தும் முறுக்க எதிர்ப்பில் குழாய் அந்த ஆங்கிளைவிடச் சுமார் 28 மடங்கு மேல்.

வளைவிலும் இதே கதைதான். அந்த 2.4 கிலோ இரும்பையும் திரட்டித் திடமான சதுரக் கம்பியாக அடித்தால் பக்கம் பதினேழரை மி.மீ. இருக்கும். அதைக் குழாயோடு ஒப்பிட்டால், வளையாமல் நிற்பதில் குழாய் ஒன்பது மடங்குக்கும் கொஞ்சம் அதிகம். நடு மையத்தில் இருக்கும் இரும்பு வளைவுக்குப் பெரிதாக உதவுவதில்லை. அதை வெளிச்சுவருக்குத் தள்ளிய கெட்டிக்காரத்தனம்தான் குழாய்.

ஆக, தடிமனை மறந்துவிட்டு 40×40×2 சதுரக் குழாய் என்று முடிவு செய்துகொள்ளலாம். அடுத்த முடிவு உயரம். காலின் வளைவு எதிர்ப்பு உயரத்தின் மூன்றாம் படிக்கு எதிராகப் போகிறது. 750 மி.மீ. உயரத்தை 600 ஆகக் குறைத்தால், வேறு எதையும் தொடாமலேயே விறைப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஆறு அங்குலம் குனிந்து வேலை செய்ய முதுகு சம்மதித்தால் இதைவிட மலிவான உறுதி கிடையாது. பைப்பைத் தூக்கி வைப்பவருக்கும் குறைந்த உயரம் லாபம்தான்.

மூன்றாவது, மூலைவிட்டம். நான்கு குழாயைச் சதுரமாகப் பற்றவைத்துவிட்டு மூலையைத் தள்ளினால், குழாய்கள் வளைந்து சதுரம் சாய்சதுரமாகும். குறுக்கே ஒரு பிளாட் போட்டுவிட்டால் தள்ளும் விசை அதன் நீளவாக்கில் இழுப்பாக மாறிவிடும். இரும்பை வளைப்பது எளிது, நீளவாக்கில் இழுத்து நீட்டுவது மகா கஷ்டம். 25×3 பிளாட் ஒன்றே போதும். பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மூன்றுக்கும் போட வேண்டும். முன்பக்கம் கூலன்ட் டிரேயை உருவ வழி வேண்டுமே என்று விட்டுவிடுவார்கள். அது பரவாயில்லை, மேல்மட்டத்துச் சட்டத்தில் ஒரு குறுக்குப் பிளாட் இருந்தால் முன்பக்கம் தன்னால் அடங்கும்.

பாதியில் விட்டுவிடக் கூடாத வேலை இது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த மெஷினின் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று, அதாவது விநாடிக்கு 24 சுற்று ஓடும். மோட்டார் கப்பியில் துளி எடை ஏறுமாறாக இருந்தாலும் விநாடிக்கு 24 தரம் ஸ்டாண்டைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டுக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் இருக்கிறது. மெஷின் மட்டத்தில் பத்து கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளினால் 5 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ மெஷினுக்கு அது விநாடிக்கு மூன்று ஆட்டம். 24ஐ விட்டு வெகு தூரம். பெட்டியில் வந்த தொளதொள ஸ்டாண்டு நெளிந்தாலும் மோட்டாரோடு சேர்ந்து அதிராமல் இருப்பதன் ரகசியம் இதுதான். கொஞ்சம் வலுப்படுத்தி, அதே தள்ளலுக்கு 0.07 மி.மீ. மட்டும் நகரும் நிலையில் விட்டால் அதன் சொந்த ஆட்டம் 24ஐத் தொட்டுவிடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல ஒவ்வொரு தட்டும் ஆட்டத்தைக் கூட்டும். அரைகுறையாக வலுவாக்கிய ஸ்டாண்டு, வலுவாக்காததைவிட அதிகமாக உறுமினால் ஆச்சரியப்பட வேண்டாம். இன்னும் ஒரு மூலைவிட்டம் போட்டு 24ஐத் தாண்டிவிடுவதுதான் வழி. கப்பியின் ஆட்டத்தைச் சரி செய்வது அதைவிட நல்ல வழி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டாண்டை மாற்றினால் வெட்டு நேராகிவிடும் என்று நம்பிப் பணம் செலவழிக்கக் கூடாது. வெட்டு கோணலாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பிளேடின் இழுவிசையும், அதை இருபுறமும் பிடிக்கும் கைடு பேரிங்குகளும், மழுங்கின பல்லும்தான். ஸ்டாண்டு தருவது வேறு: மெஷின் கவிழாது, கூலன்ட் ஒரே பக்கம் வழியாது, வைஸை இறுக்கும்போது மொத்தமும் உங்களோடு நடந்து வராது. அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயமல்ல.

கவிழ்வதைப் பற்றி இந்தக் கடற்கரையில் பேசினால் மாமல்லபுரத்துக் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையை விட்டுவிட்டுப் பேச முடியாது. சுமார் 250 டன் என்று மதிக்கப்படும் பாறை, சரிவில், எப்போது உருளுமோ என்று பார்ப்பவர் பதைக்க நிற்கிறது. 1908இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளை வைத்து இழுத்தும் அசையவில்லை என்று சொல்வார்கள். பாறையின் எடைமையத்திலிருந்து செங்குத்தாகக் கோடு போட்டால் அது தரையைத் தொட்டிருக்கும் பரப்புக்குள் விழுகிறது, அடியில் உரசலும் பலமாக இருக்கிறது. அதற்கு மேல் மாயம் ஒன்றும் இல்லை. நம் மெஷினுக்கும் விதி அதுவேதான், ஆனால் நிலைமை நேர்மாறு. கனமெல்லாம் மேலே, அடி குறுகல். கையை நிமிர்த்தும்போது எடைமையம் இன்னும் மேலேறிப் பின்னுக்கும் சாயும்.

எடைமையம் தரையிலிருந்து 800 மி.மீ., நடுவிலிருந்து கால் 200 மி.மீ. தள்ளி என்று வைத்தால் 14 பாகை சாய்ந்ததும் கவிழ்ந்துவிடும். கால்களைக் கீழே அகட்டி அந்த 200ஐ 300 ஆக்குங்கள். தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் ஒரு தட்டுப் போட்டு 30 கிலோ எடை ஏற்றுங்கள். எடைமையம் 580க்கு இறங்கும், கவிழும் கோணம் 27 பாகைக்கு ஏறும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த 30 கிலோவுக்காக இரும்பு வாங்க வேண்டாம். 500க்கு 500, கனம் 50 மி.மீ. காங்கிரீட் பலகை ஒன்று வார்த்தால் சரியாக அந்த எடை வரும். துண்டு இரும்பைக் கொட்டி வைத்தாலும் ஆகும், ஆனால் அந்தத் துண்டு இரும்பு வேறு வேலைக்குப் போனதும் மெஷின் மறுபடி தலைக்கனம் பிடித்துவிடும்.

சக்கர விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் பல, கடை அளவே இருக்கும். வேலை வாசலுக்கு வெளியே நடக்கும், ராத்திரி எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப்போட்டு ஷட்டரை இறக்கிவிடுவார்கள். ஆகவே மெஷின் நகர்ந்தே ஆக வேண்டும். சட்டென்று தோன்றுவது, காலுக்கு ஒன்றாகப் பிரேக் வைத்த நான்கு காஸ்டர். பிரேக் சக்கரம் சுற்றுவதை நிறுத்தும், ஆனால் காஸ்டர் தலையில் இருக்கும் பேரிங்கின் ஆட்டத்தை நிறுத்தாது. ரப்பர் சக்கரமாக இருந்தால் அது வேறு அமுங்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பாகங்களில் மொத்த நெளிவு என்பது ஒவ்வொன்றின் நெளிவையும் கூட்டி வருவது. குழாயில் 0.05 மி.மீ. மிச்சம் பிடித்துவிட்டு, காஸ்டரில் 2 மி.மீ. கோட்டை விட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

தேர் இழுக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலேயே திருக்கழுக்குன்றத்தில் சித்திரைத் தேர் ஓடுகிறது. ஓடும்போது சக்கரம், நிற்கும்போது முட்டுக்கட்டை. திருவாரூர் ஆழித்தேருக்கு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே செய்து கொடுத்தது, அப்படியும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மாமல்லபுரத்து ரதங்களை வடித்தவர்கள் ஒரே கல்லில் செதுக்கி இந்தப் பிரச்சினையையே ஒழித்துவிட்டார்கள், அது வேறு.

நம் ஸ்டாண்டிலும் அறுக்கும் நேரத்தில் சக்கரம் தரையைத் தொடவே கூடாது. கனம் அதிகமான மோட்டார் பக்கத்துக் கால்களின் வெளிப்புறத்தில் ஓர் அச்சு போட்டு, இரண்டு எட்டங்குலச் சக்கரங்களைத் தரைக்கு 4 மி.மீ. மேலே நிற்கும்படி மாட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் கைப்பிடி. கைப்பிடியைத் தூக்கினால் மெஷின் லேசாகச் சாய்ந்து சக்கரம் தரையில் பதியும். இறக்கினால் மீண்டும் நான்கு இரும்புக் கால்கள். மொத்தம் 90 கிலோ, எடைமையம் அச்சிலிருந்து 250 மி.மீ., கைப்பிடி ஒரு மீட்டர் என்றால், தூக்க வேண்டியது 22 கிலோ சொச்சம்தான். ஒரே எச்சரிக்கை: கையை இறக்கி ஊசியைப் பூட்டாமல் தூக்கக் கூடாது. கை நிமிர்ந்திருந்தால் எடைமையம் அச்சைத் தாண்டி, மெஷின் அந்தப் பக்கமாகவே மல்லாந்துவிடும்.

சக்கரம் ஏன் எட்டங்குலம்? ஷட்டர் வாசலில் 12 மி.மீ. தடுக்கு ஒன்று இருப்பதாக வையுங்கள். இரண்டங்குலச் சக்கரத்தை அதில் ஏற்ற, சக்கரத்தின் மேல் இருக்கும் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலான விசையில் இழுக்க வேண்டும். எட்டங்குலமானால் எடையில் பாதியைவிடச் சற்று கூடுதல் போதும். மெஷினைக் கோணலாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினால் அதிலும் பாதி.

கால் நுனிகளுக்கு 16 மி.மீ. நட்டைப் பற்றவைத்து, அதில் தலைகீழாக போல்ட்டைத் திருகிவிட்டால் மட்டம் பார்க்கும் வேலை முடிந்தது. வாசல் தரை ஒரு பக்கம், உள்தரை ஒரு பக்கம் என்று சாய்ந்திருக்கும். மூன்று கால்களை முதலில் ரசமட்டம் வைத்துச் சரிசெய்துவிட்டு, நான்காவதைத் தரையைத் தொடும்வரை மட்டும் இறக்க வேண்டும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்பதால் மூன்றே கால் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஆடாது, ஆனால் நின்றிருக்கும் பரப்பு முக்கோணமாகச் சுருங்கி எளிதில் கவிழும்.

பற்றவைப்பில் இரண்டு விஷயம். 2 மி.மீ. சுவருக்குப் பன்னிரண்டு கேஜ் ராடுதான். பத்து கேஜில் ஆம்பியரை ஏற்றினால் ஓட்டை விழும். இன்னொன்று, உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கி ஃபிரேமை இழுக்கும். எல்லா மூலையையும் முதலில் டேக் அடித்து, டேப்பால் இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு என்று பார்த்துக்கொண்டு, எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முடிக்க வேண்டும். எத்தனை பதவிசாகச் செய்தாலும் மேல்சட்டம் ஒரு மில்லியாவது நெளிந்திருக்கும். அதன்மேல் மெஷினை வைத்து நான்கு போல்ட்டையும் இறுக்கினால், புது ஸ்டாண்டு இப்போது மெஷினின் வார்ப்பிரும்பு அடிப்பாகத்தையே முறுக்கும். பழைய தகட்டு ஸ்டாண்டு தான் நெளிந்து கொடுத்தது, இது கொடுக்காது. மூன்று போல்ட்டை இறுக்கி, நான்காவதன் இடைவெளியில் குளிர்பான டப்பாவை வெட்டி அடுக்கலாம். அதன் சுவர் கிட்டத்தட்ட 0.1 மி.மீ., ஷிம்முக்கு அருமையான தகடு.

கடைசியில் கடல். புதுப்பட்டினத்தில் வெறும் இரும்பை ஒரு மழைக்காலம் விட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நாடெங்கும் உலோகத் துண்டுகளை வெயிலிலும் காற்றிலும் விட்டு, எங்கே எவ்வளவு அரிக்கிறது என்று வரைபடமே போட்டிருக்கிறது. கடற்காற்றில் வரும் சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் தானாகக் கரைந்து நீராகிவிடும். கூடவே வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நமக்கு உலர்ந்ததாகத் தெரிகிற பகலிலும் இரும்பின் மேல் ஒரு உப்புநீர்ப் படலம் உட்கார்ந்திருக்கிறது. ரெட் ஆக்சைடு அடித்ததோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. அது நுண்துளை நிறைந்த அடிப்பூச்சுதான், மேலே எனாமலோ எபாக்சியோ வேண்டும். அதற்கும் முன்னால் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை இறக்கிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சுக்கு அடியிலேயே துரு கிளம்பும்.

குழாய்க்கு உள்பக்கம் தனிக் கவலை. பிளாஸ்டிக் மூடி செருகுவது பார்வைக்குத்தான். இரு முனைக்கும் தகடு வைத்து முழுச் சுற்றும் பற்றவைத்துவிட்டால், உள்ளே சிக்கிய காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஈரமும் தீர்ந்ததும் துரு நின்றுவிடும். ஆனால் ஹாட்-டிப் கால்வனைசிங் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அடைக்கவே கூடாது, துளை விட்டே தீர வேண்டும். துத்தநாகத் தொட்டி 450 பாகைச் சூடு. உள்ளே சொட்டு ஈரம் இருந்தாலும் ஆவியாகிக் குழாயை வெடிக்க வைத்துவிடும். பூச்சுப் போட்ட குழாயை வாங்கிப் பற்றவைப்பவர்கள் ஓரத்துத் துத்தநாகத்தைக் கிரைண்டரில் நீக்கிவிட வேண்டும். அதன் புகை ராத்திரி குளிர்க்காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

அடைத்து முடித்த பிறகு சுவிட்சுப் பெட்டி மாட்டவும் வயர் கிளிப் அடிக்கவும் எவராவது டிரில்லோடு வருவார். அந்த ஒரு துளை போதும், உப்புக்காற்று உள்ளே குடியேறிவிடும். பெயின்ட் அடிக்கும் முன்பே வேண்டிய இடங்களில் சின்னச் சின்னப் பிளாட் துண்டுகளைப் பற்றவைத்து, துளையை அவற்றில் போட்டுவிடுங்கள்.